உப்பு ஏன் கசிகிறது என்று கேட்டவர்களுக்காக

தூத்துக்குடியில் நான் எழுதிப் பிழைக்கிறேன். கதையோ கவிதையோ இல்லை. உப்பு வியாபாரிகளுக்கும், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கும், மக்ரூன் போடுகிற பேக்கரிகளுக்கும் அவர்களுடைய வெப்சைட்டில் வர வேண்டிய தமிழை எழுதிக் கொடுக்கிறேன். தொழில் வட்டாரத்தில் இதற்குக் கன்டென்ட் என்று பெயர். கடைக்கு நேரில் வர முடியாத ஆளுக்குக் கடைக்காரர் சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்லும் வேலை. இத்தனை காலம் இதைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். வாசிக்கப் போகிறவர் யார், என்ன சந்தேகத்தோடு வருகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதிய பக்கம் நிலைக்கிறது. கூகுளின் கண்ணில் பட்டால் போதும் என்று எழுதிய பக்கம் நிலைப்பதில்லை.

நான் தொழிலுக்கு வந்தபோது வேலை வருகிற விதமே வேறு. வெளியூர் ஏஜென்சியிலிருந்து ஒரு எக்செல் தாள் வரும். அதில் கீவேர்ட் பட்டியல், அதாவது கூகுளில் ஆட்கள் தேடுகிற சொற்களின் பட்டியல் இருக்கும். 'தூத்துக்குடி உப்பு', 'உப்பு மொத்த விலை தூத்துக்குடி', 'சிறந்த உப்பு கம்பெனி'. எது தலைப்பில் வர வேண்டும், எது முதல் பத்தியில் வர வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை தடவை வர வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கூலி சொல்லுக்கு இத்தனை பைசா. உப்பளத்தைப் பார்த்துவிட்டு எழுது என்று அந்தத் தாளில் எங்கும் இருக்காது.

ஆங்கிலத்துக்கென்று போட்ட இந்தக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. நம் மொழியில் ஊர்ப்பெயர் வெறுமனே நிற்பது அபூர்வம். தூத்துக்குடியில், தூத்துக்குடிக்கு, தூத்துக்குடியிலிருந்து என்று உருபு ஏறித்தான் வரும். பட்டியலில் உள்ள வடிவம் மாறாமல் வர வேண்டும் என்றால் உருபை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு மிஞ்சுவது இப்படி இருக்கும்: 'உப்பு மொத்த விலை தூத்துக்குடி தேடுகிறீர்களா? உப்பு மொத்த விலை தூத்துக்குடி எங்களிடம் கிடைக்கும்.' எங்கள் ஊரில் எந்த அண்ணாச்சியும் எந்த வியாபாரியிடமும் இப்படிப் பேசியதில்லை. வாசிக்கிறவர் இரண்டாவது வரிக்குள் புரிந்துகொள்வார், இந்தப் பக்கம் தன்னோடு பேசவில்லை என்று. மூடிவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். சொல்லுக்குச் சொல் காசு கொடுத்த முதலாளிக்கு அதனால் ஒரு போன்கூட வராது.

உப்பு வாங்க வருகிறவர்

வேம்பார், வைப்பார், தருவைகுளம் தொடங்கித் தூத்துக்குடி, முள்ளக்காடு, பழையகாயல் தாண்டி ஆறுமுகநேரி வரை கடலோரமாகப் போனால் வழிநெடுக அளங்கள். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில் விளைவது. அப்படிப்பட்ட ஊரின் உப்பைப் பற்றி இணையத்தில் கிடந்த பக்கங்கள் பெரும்பாலும் 'மனித வாழ்வில் உப்பு இன்றியமையாதது' என்றுதான் தொடங்கின. உப்பு வாங்க வருகிறவருக்கு அது தெரியாதா?

ஒரு உப்பு வியாபாரிக்குப் பக்கம் எழுத வேண்டி வந்தபோது, அவருடைய அலுவலகத்தில் போன் எடுக்கிற கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். யார் யார் கூப்பிடுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தேன். தோல் பதனிடுகிறவர் கேட்பது ஒன்று, ஐஸ் பேக்டரிக்காரர் கேட்பது இன்னொன்று, கேரளத்து மளிகை மொத்தக் கடைக்காரர் கேட்பது வேறொன்று. கல்லுப்பா, தூளா? ஈரம் எவ்வளவு? அயோடின் கலந்ததா? லாரிக்கு எத்தனை டன் ஏற்றுவீர்கள்? ஐப்பசி மழைக்குப் பிறகு அம்பாரத்தில் சரக்கு இருக்குமா? நான் எழுதி எடுத்துக்கொண்டு போனதைக் கணக்கப்பிள்ளை பொறுமையாக வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இன்னைக்குச் சொன்ன வெல எத்தன நாளைக்கு நிக்கும்னுதான் மொதல்ல கேப்பாவ. அத மேல போடுங்க." போட்டேன். அடுத்து அயோடின். உணவுக்கான அயோடின் உப்பில் கடைக்கு வரும்போது அயோடின் 15 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மளிகைக்காரருக்கு அந்த எண் வேண்டும். தோல் தொழிற்சாலைக்காரருக்கு அயோடினே வேண்டாம். இருவருக்கும் தனித்தனிப் பத்தி எழுதினேன்.

மொத்த வியாபாரிகளோடு வீட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள் என்பதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அவர்கள் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்வி: டப்பாவில் போட்ட உப்பு ஏன் கசிகிறது? தண்ணீர் கலந்து விற்கிறார்களோ என்று சந்தேகம். இதற்குப் பதில் அளத்தில் இருக்கிறது. கடல்நீரோ, இங்கே பல அளங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கிற உவர்நீரோ, பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றும்போது அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். அந்த அடர்த்தியை அளக்கிற போமே மானியில் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். 25 டிகிரியை ஒட்டி நாம் சாப்பிடுகிற உப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்துகொள்ளும். மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நாக்கில் கைக்கும். அதனால்தான் விவரமான அளக்காரர் கடைசி நீரை நேரத்தோடு வடித்துவிட்டு உப்பை வாருகிறார். வடிக்கத் தாமதித்த பாத்தியின் உப்பு மழைக்காலத்தில் டப்பாவுக்குள் கசியும். கசிகிற உப்பெல்லாம் கலப்படம் என்று நினைக்க வேண்டியதில்லை.

இதை எழுதிப் போட்ட பிறகு அந்த வியாபாரியைக் கூப்பிடுகிறவர்களின் பேச்சே மாறியது. "எத்தனை டிகிரியில் வடிக்கிறீர்கள்?" என்று கேட்கிற வாங்குபவர் வந்தார். அவரிடம் விலை பேசுவது எளிது. அவருக்குச் சரக்கு தெரியும், விற்கிறவருக்கும் அவரைத் தெரியும். இந்தப் பத்திக்குப் பட்டியல் தந்தவர் யாரும் இல்லை. அந்தப் போனில் பேசியவர்கள்தான் தந்தார்கள்.

வாங்குகிறவர் மட்டும்தான் வாசகர் என்றும் நினைத்துவிடக் கூடாது. மழை தொடங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தபோது, அதைப் பற்றிய பக்கங்கள் அறிவிப்பின் பெருமையைப் பேசின. வெயிலில் கண் கூசக் கூச உப்பு வாருகிற ஒரு அக்கா தன் மகனின் போனை வாங்கி என்னிடம் நீட்டினார். "இதுல எம் பேரு இருக்கா, என்ன காயிதம் கொண்டு போணும், அத மட்டும் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார். அந்த இரண்டுக்கும் அந்தப் பக்கத்தில் பதில் இல்லை. அரசு தருகிற பணத்துக்கும் அந்த அக்காவுக்கும் நடுவே நின்றது எழுத்துதான். என் தொழிலின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை நான் அளந்துகொள்வது இப்படிப்பட்ட இடங்களில்.

முத்து இருக்கிறதா?

எங்கள் ஊருக்கு முத்துநகர் என்று பெயர். சென்னைக்குப் போகிற ரயிலும் முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஆகவே சுற்றுலா வருகிறவர்கள் கேட்பது இயல்புதான்: முத்துக்குளிப்பதை எங்கே பார்க்கலாம், எந்த மாதம் வந்தால் நல்லது?

உண்மையான பதில் சுருக்கமானது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு, சிப்பி வளர்கிற கடலடித் திட்டுகளான பார்களில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. ஆனால் ஒரு பக்கத்தைப் பார்த்து இன்னொரு பக்கம் எழுதி, அதைப் பார்த்து மூன்றாவது எழுதி, முத்துக்குளிப்பு இன்றும் நடப்பது போலவே இணையத்தில் வளர்ந்துவிட்டது. 'முத்து', 'தூத்துக்குடி', 'சுற்றுலா' என்ற மூன்று சொல்லும் ஒரு பக்கத்தில் சேர்ந்தால் கூகுளில் மேலே வரும் என்பதற்காக எழுதியவை அவை. நம்பி வருகிற குடும்பம் கடற்கரையில் நின்று ஆட்டோக்காரரிடம் கேட்கும். அவர் என்ன சொல்வார்?

ஒரு தங்கும் விடுதிக்காக இந்தக் கரையைப் பற்றி எழுதியபோது முதல் வரியிலேயே 1961 என்று போட்டேன். இப்படிச் சொன்னால் யார் வருவார்கள் என்று விடுதிக்காரர் தயங்கினார். இல்லாததைச் சொல்லி வரவழைப்பதைவிட இருப்பதைச் சொல்லி வரவழைப்போம் என்றேன். இருப்பது என்ன குறைவா? இதே மாவட்டத்தின் வேப்பலோடையில்தான் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி தலைமையில் 1973-ல் வளர்ப்பு முத்து வெற்றியாக உருவானது. முத்துக்குளிப்பு நின்றாலும் சங்குக்குளிப்பு நிற்கவில்லை. இங்கே மூழ்கி எடுக்கிற சங்கு வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாகப் போய்ச் சேருகிறது. பாண்டியர் துறைமுகமான கொற்கைக்குப் போனால் கடல் தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் கடலைத் தள்ளிவிட்டது. அங்கே ஒரு கிராமமும் குளமும் பழைய வன்னிமரமும் இருக்கின்றன. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வருகிறவர் கடலைத் தேடி ஏமாற மாட்டார், நிலம் எப்படி மாறியது என்று பார்க்க வருவார். சங்குக்குளிக்காரர்களைப் பற்றியும் கொற்கையைப் பற்றியும் விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் அந்த விடுதியில் இன்றைக்கும் தங்குகிறார்கள்.

பழைய அறிவிப்புகளின் பாடம்

வாசகரை நினைத்து எழுதுவது எப்படி என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த முத்துக்குளிப்பின் வரலாறுதான். ஆங்கிலேயர் காலத்தில் மன்னார் வளைகுடாவில் குளிப்பு நடக்கப் போகிறது என்றால் அரசு அறிவிப்பு வெளியிடும். எதிர்க்கரையில் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்புகளுக்கு வந்த அறிவிப்புகளில் எந்த நாளையொட்டித் தொடங்கும், எந்தப் பாரில் குளிப்பு, அங்கே எத்தனை சிப்பி இருக்கும் என்று மதிப்பு, எத்தனை படகுக்கு எத்தனை நாள் வேலை வரும் என்பதெல்லாம் அடங்கியிருக்கும். முன்னதாகவே மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பிளந்து முத்தை மதிப்பிட்டிருப்பார்கள்.

அந்த அறிவிப்புக்கு இரண்டு வகை வாசகர்கள். ஒருவர் குளியாள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. வீட்டை விட்டு இத்தனை நாள் போய் வந்தால் கட்டுபடியாகுமா என்று அவர் கணக்குப் போட வேண்டும். இன்னொருவர் ஏலத்தில் ஆயிரம் ஆயிரமாகச் சிப்பி எடுக்கிற வியாபாரி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சிப்பிக்கு அவர் பணம் கட்டப் போகிறார். இருவருக்கும் முடிவெடுக்கத் தேவையான அத்தனையும் அந்த அறிவிப்பில் இருந்தது, தேவையில்லாத எதுவும் இல்லை. எந்தப் பக்கத்தை எழுதி முடித்தாலும் நான் இந்த அளவைத்தான் வைத்துப் பார்க்கிறேன்: இதை வாசித்தவர் ஒரு முடிவெடுக்க முடியுமா?

இன்னும் பின்னால் போனால் புன்னைக்காயல் இருக்கிறது. என்றிக்கே என்றீக்கசு என்ற போர்த்துகீசியப் பாதிரியார், நம்மவர் அண்டிரிக் அடிகளார் என்பார்கள், பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் வாழ்ந்து தமிழ் கற்றார். அவருடைய நூல்கள் அச்சேறுவதற்கு முன்பே, 1554-ல், லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது. ஆனால் அது ரோமன் எழுத்தில் இருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவருக்கு அந்த எழுத்தால் என்ன பயன்? 1578-ல் கொல்லத்தில் அச்சான அடிகளாரின் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் வந்தது. 1586-ல் 'அடியார் வரலாறு' வந்தது. அந்த நூல்களின் தமிழ் புலவர்களுக்கான செய்யுள் தமிழாக இல்லை, கரையோர மக்களின் பேச்சை ஒட்டிய உரைநடையாக இருந்தது. மதம் பரப்பும் நோக்கத்தோடு எழுதியவைதான். என்றாலும் தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய நூல்கள் எங்கள் கரையின் சாதாரண வாசகரை மனதில் வைத்து, அவருடைய எழுத்தில், அவருடைய பேச்சில் எழுதப்பட்டன என்பது எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பெருமை.

இன்றும் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். ஊர்ப்பெயரையே தூத்துக்குடி என்றும் டூட்டிகோரின் என்றும் இரண்டு விதமாகத் தேடுவார்கள். அவர்கள் வந்து சேருவதற்கு வேண்டிய ஏற்பாட்டைப் பக்கத்தின் தலைப்பிலும் முகவரியிலும் படங்களின் பெயரிலும் நான் செய்துவிடுவேன். அது தேடல் இயந்திரத்துக்குச் சேர வேண்டியது, அதைக் கொடுப்பதில் தவறில்லை. வாசகர் உள்ளே வந்த பிறகு அவருக்குக் கிடைக்க வேண்டியது நல்ல தமிழ்.

வெள்ளத்தில் வாசித்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைகடந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றது. ஏரல் பக்கம் போக வழியில்லை. பல இடங்களில் கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை.

வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அன்று இணையத்தில் ஊரைத் தேடினார்கள். 'தூத்துக்குடி வெள்ளம் இன்று' என்று தலைப்புப் போட்ட பக்கங்கள் வரிசையாக வந்தன. திறந்தால் தூத்துக்குடி எங்கே இருக்கிறது, மக்கள்தொகை என்ன, வெள்ளம் என்றால் என்ன என்று போகும். அம்மா இருக்கிற தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று தவிக்கிறவனுக்கு அதில் ஒரு சொட்டு உதவியும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததும் பாதி பயனற்றது. 'பாலம் திறந்துவிட்டது' என்று ஒரு செய்தி வரும். எந்தப் பாலம், எத்தனை மணிக்கு என்று இருக்காது. காலையில் எழுதியது ராத்திரியும் சுற்றிக்கொண்டிருக்கும். நம்பிக் கிளம்பினால் உயிருக்கே ஆபத்து.

அந்த நாட்களில் நானும் சில நண்பர்களும் தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சிறு சிறு செய்திகளாக எழுதி அனுப்பினோம். நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு எளிது. முதலில் தேதியும் மணியும். அடுத்து இடம், தெருப் பெயரோடு. அடுத்து நேரில் பார்த்தவர் சொன்னதா, கேள்விப்பட்டதா என்பது. கடைசியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. ஒரு பெயரடைகூட இல்லை. அதைத்தான் ஜனங்கள் வாசித்தார்கள், ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நான் எழுதுகிற எந்தப் பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி மேலே இருக்கும். விலை மாறும், படகு நேரம் மாறும், சட்டம் மாறும். எப்போது எழுதியது என்று தெரியாத தகவலை வாசகர் எதை வைத்து நம்புவார்?

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பகலில் கூண்டு, இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கு. 1 முதல் 11 வரை எண்கள். கடலோடிக்கு வேண்டிய செய்தியை ஒரு எழுத்துகூட இல்லாமல் சொல்லிவிடுகிற ஏற்பாடு. ஆனால் ஊருக்குள் செய்தி வரும்போது '1-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு வரி எழுதினால் போதும். 1 என்றால் தூரக் கடலில் புயல் உருவாக வாய்ப்பிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பு இல்லை. 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இந்த விளக்கம் இருந்தால் கடலுக்குப் போனவரின் வீட்டில் இருப்பவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துகொள்வார்கள்.

இயந்திரமும் இந்தப் பக்கம்தான் வருகிறது

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது: "அண்ணே, இப்படி எழுதினா ரேங்க் வருமா?" கூகுளே சொன்னதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். பக்கத்துக்குள் மறைத்து வைக்கிற கீவேர்ட் பட்டியலைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டார்கள். 2011-ல் பாண்டா என்ற மாற்றம் வந்தது, சாரமில்லாத பக்கங்கள் கீழே போயின. 2022 ஆகஸ்டில், மனிதர்களுக்கு உதவுகிற எழுத்தை மேலே கொண்டுவருவதற்கென்றே ஒரு மாற்றம் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஒரு பக்கத்தின் தரத்தைப் பார்க்கிற அளவுகோல்களில் எழுதியவரின் நேரடி அனுபவத்தையும் சேர்த்தார்கள். 2024 மார்ச்சில், தரவரிசையை ஏமாற்றுவதற்கென்று மொத்தமாக உற்பத்தி செய்கிற பக்கங்களுக்கு எதிராக விதி வந்தது. ஏமாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சில நாள் மேலேயும் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் வாசகர் நிற்கிற பக்கம் நோக்கியே நகர்கிறது. வாசகருக்காக எழுதுகிறவருக்கு எந்த மாற்றம் வந்தாலும் திருத்தி எழுத வேண்டிய அவசியம் அதிகம் வராது.

இப்போது செயற்கை நுண்ணறிவு கேட்ட நிமிடத்தில் சரளமான தமிழில் பக்கம் பக்கமாகத் தருகிறது. பொதுவான வார்த்தைகளுக்கு இனி விலை இல்லை. கணக்கப்பிள்ளையிடம் இன்று காலை போனில் என்ன கேட்டார்கள், எந்த அளத்தில் மழை விழுந்தது என்பது அங்கே போய்க் கேட்டவருக்குத்தான் தெரியும். எங்கள் தொழிலில் மதிப்புள்ளது அதுதான்.

ஆகவே நான் வேலை செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். போன் அடிக்கிற இடத்தில் முதலில் போய் உட்காருவேன். வருகிற கேள்வியை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிக்கொள்வேன். அதிகம் பேர் கேட்டதற்குப் பதில் முதல் வரியில் வரும். மக்ரூன் பேக்கரிக்கு எழுதியபோது முதல் வரி, இதில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்கிறது என்பது. முந்திரியும் சீனியும் வெள்ளைக்கருவும்தான் மக்ரூன். ஆனால் சைவம் சாப்பிடுகிற வீட்டுக்குப் பலகாரமாக வாங்கிப் போகிறவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிவிடக் கூடாது. இரண்டாவது வரி, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது. துபாயில் இருக்கிற மகனுக்கு அனுப்புகிற அம்மா அதைத்தான் கேட்கிறார். பேக்கரியின் பாரம்பரியப் பெருமை அதற்குக் கீழே வந்தால் போதும். எங்களிடம் எது கிடைக்காது என்பதையும் எழுதுவேன். சில்லறை விற்பனை இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். கால் கிலோ உப்புக்காக ஒருவர் பஸ் ஏறி வந்து திரும்பக் கூடாது. எழுதி முடித்ததும் அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவருக்கும் அதை வாங்குகிற ஒருவருக்கும் உரக்க வாசித்துக் காட்டுவேன். அவர்கள் முகம் சுருங்குகிற இடத்தில் வாக்கியத்தை மாற்றுவேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கீவேர்ட் பட்டியல் கையில் வந்ததும் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதர் ஏதோ ஒன்று தெரியாமல் தேடியிருக்கிறார். அவர் யார் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். கடை நடத்துகிற, கம்பெனி நடத்துகிற அண்ணாச்சிகளுக்கும் ஒரு சொல். உங்கள் வெப்சைட்டை இன்றைக்கு ஒரு தடவை திறந்து முழுக்க வாசித்துப் பாருங்கள். போன வாரம் உங்கள் வாடிக்கையாளர் போனில் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லையென்றால், உங்களுக்கு எழுதித் தருகிறவரைக் கூப்பிட்டு அந்தப் பதிலை முதலில் எழுதச் சொல்லுங்கள்.